பல்பர் கைப்பிடியும் அசையாதீங்க சாரும்

சேர்வராயன் மலையில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காப்பிக்காரி ஒருத்தியை அவள் களத்திலேயே பூனைபோல நடக்கச் சொன்ன மனிதர் ஒருவர்தான். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் செம்மநத்தத்தில் எல்லோருக்கும் அவர் ‘அசையாதீங்க சார்’. இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். கோபப்பட அதற்கு மேல் படிப்பு வேண்டியதில்லை.

அவருக்கு மலைக்குக் கீழே ஒரு காலேஜில் வேலை. அங்கே லாரி போகும்போதெல்லாம் அவர் மெஷின் ஆடுகிறதாம். ஆடாத இடம் தேடி மலை ஏறி வந்தவர், எங்கள் காப்பிக் கிடங்கில் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தார்.

“பாறை மேல கட்டியிருக்கீங்க. இதுதாங்கம்மா நான் தேடுன இடம். ஆடவே ஆடாது.”

“எங்க மாமனார் கட்டுனதுங்க. ஆடறதுக்கா கட்டுவாரு?”

வாடகைக்கு விட்டேன். ஆறு பேர் சேர்ந்து ஒரு மேசையைத் தூக்கி வந்தார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார். உள்ளே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ரெண்டு பக்கமிருந்தும் லேசர் வெளிச்சம் அடிப்பேனுங்க. நடுவுல உசுரோட ஒரு ரத்த அணு நிக்கும். வெளிச்சமே அதைப் பிடிச்சு இழுக்கும். எவ்வளவு நீளுது, விட்டா எப்படித் திரும்புதுன்னு அளப்பேன்.”

“வெளிச்சம் இழுக்குமாக்கும். எங்க களத்துல காலமெல்லாம் வெயிலடிக்குது, காயற ஒரு கொட்டையைக்கூட நகர்த்தலையே.”

“அணு நொம்பச் சின்னதுங்கம்மா. நீங்க நடக்கறதே அதுக்குப் பூகம்பம்.”

அன்றோடு என் வீடு என் வீடாக இல்லை. ராகி இடிக்கக்கூடாது. ஆட்டை அடுத்த காட்டில் கட்ட வேண்டும். நான் ஒரு தும்மல் போட்டால் கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு கை வெளியே வரும். “அசையாதீங்க.”

பழம் பறிக்க வரும் பொன்னிக்கு வாய் சும்மா இருக்காது. “ஏனுங்க சார், மூச்சு உட்டுக்கலாமுங்களா?” என்றாள்.

“கொஞ்சம் தள்ளிப் போய் உடுங்க” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஊரில் யாரும் ரத்தம் கொடுக்க மாட்டேன் என்றதால் தன் விரல்களையே குத்திக்கொண்டார். பத்து விரலிலும் பிளாஸ்திரி. களியைக் கரண்டியால் தின்ற மனிதரை அப்போதுதான் பார்த்தேன். பார்க்கச் சகிக்காமல், காப்பிப் பழம் பறிக்கும் அன்று காலையில் என் விரலை நீட்டினேன்.

“குத்துங்க. காப்பிக் காட்டுல ஊறுன ரத்தம். எவ்வளவு கெட்டின்னு உங்க வெளிச்சம் இழுத்துப் பாக்கட்டும்.”

பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். வைத்திருந்தால் புளித்துவிடும். அந்த வாடை கொட்டையில் ஏறினால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. என் மூட்டையில் புளித்த வாடை அடித்தது என்று எந்த வியாபாரியும் இதுவரை சொன்னதில்லை. எங்களுடையது கையால் சுற்றும் பல்பர். வேலை முடிந்தால் அதன் இரும்புக் கைப்பிடியைக் கழற்றிக் கிடங்கு ஆணியில் மாட்டுவோம்.

அன்று மத்தியானம் ஆணி காலியாக இருந்தது. களத்தில் இரண்டு மூட்டைப் பழம்.

“சார், கைப்பிடியைப் பாத்தீங்களா?”

“அசையாதீங்க.”

விறகுக் குவியலைக் கலைத்தேன். ஆட்டுக் கொட்டகையில் தேடினேன். மூட்டைக்குள் கையை விட்டால் பழம் சூடேறத் தொடங்கியிருந்தது. கடைசியில் பொன்னிதான் கறுப்புத் துணிக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, “மேசைக் காலைப் பாருங்கக்கா” என்றாள். கழுவும் தண்ணீர் வழிந்தோடக் கிடங்குத் தரை வாசல் பக்கம் சரிவாக இருக்கும். மேசை சாயாமலிருக்க, அந்த மகராசன் என் கைப்பிடியை அதன் காலுக்கு அண்டை கொடுத்திருந்தார்.

“கேட்டப்ப ஏன் சொல்லலீங்க?”

“சொன்னா எடுத்துருவீங்களே. ஆறு நாளாச்சுங்கம்மா அந்த வெளிச்சத்தை நேராக்க. ஒரு மணி நேரம் குடுங்க. அணு சுருங்கறதுக்குள்ள அளந்துடறேன்.”

“ஏற்கெனவே ஒரு மணி நேரத்தைத் தேடியே தொலைச்சுட்டேன். இன்னும் ஒண்ணு போனா ஒரு மூட்டை புளிச்சுருமுங்க.”

“உள்ள இருக்கறது உங்க ரத்தங்கம்மா.”

என் ரத்தமே அவர் கட்சிக்குப் போய்விட்டது. போகவும் இல்லை, கைப்பிடியைத் தொடவும் இல்லை, வாசலில் நின்றேன். அவர் மெஷினைப் பார்த்தார். களத்து மூட்டைகளைப் பார்த்தார். பிறகு தோளைக் கொடுத்து மேசையின் ஒரு மூலையைத் தூக்கி, கைப்பிடியை அவரே உருவினார். மேசை சரிந்தது. சுவரில் விழுந்திருந்த லேசரின் சிவப்புப் புள்ளி நழுவிப் போய் மேலே ஒரு பல்லியின் மீது நின்றது. ஆறு நாள் வேலை அவ்வளவுதான்.

அத்தோடு விட்டாரா? பல்பரையும் தானே சுற்றுவேன் என்றார். முதலில் தலைகீழாகச் சுற்றினார். அதற்கும் திட்டினேன். பொழுது சாய்வதற்குள் இரண்டு மூட்டையும் முடிந்தது. பிளாஸ்திரியெல்லாம் பழச்சாறு ஏறிப் பிசுபிசுவென்று இருந்தது.

“என் ரத்தம் என்னதான் சொல்லுச்சுங்க?” என்று கேட்டேன்.

“பாதிதான் பாத்தேனுங்க. இழுத்தா நெகிழ்ந்து குடுக்குது, விட்டா பழையபடி ஆயிருது. நொம்ப மெத்துனு இருக்குதுங்கம்மா.”

பொன்னி களத்தில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“யாரைப் பாத்து மெத்துங்கறீங்க?”

“ரத்த அணு வெறைச்சுப் போனாத்தாங்க நோவு. முடியைவிடச் சன்னமான குழாயில வளைஞ்சு போகோணுமே.”

மறுநாள் காலையில் சில்வர் ஓக் கட்டையில் மேசைக் காலுக்கு ஓர் ஆப்புச் செதுக்கி அவர் முன்னால் போட்டேன். மறுபடி நேராக்க ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் நான் ராகி இடிக்கவில்லை. களி இல்லாமல் கிடந்ததற்கும் அவர்தான் காரணம்.

அடுத்த மழைக்கு முன்னால் காலேஜில் ஆடாத அறை ஒன்று கிடைத்ததென்று மெஷினோடு இறங்கிப் போய்விட்டார். என் ஆப்பையும் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போனார். இப்போது கிடங்கில் யாரும் இல்லை. ராகி இடிக்கிறேன், ஆடு கத்துகிறது, தும்மல் வந்தால் தும்முகிறேன். ஆனால் அந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும் என் கால் தானாக மெல்ல விழுகிறது. அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.