பாட்டுமூட்டைக்கு ஒரு ஸ்டார்

"பாட்டு நின்னுடுச்சுங்க. எல்லாரும் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க" என்றாள் மனைவி போனில்.

கண்ணாடிக் கடையின் உள்ளறையில் அவர் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கடைசி வரியில் இருப்பது 'ப'வா 'ம'வா என்று முடிவுக்கு வர முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

"முதல்ல காலைக் கீழே வைக்கச் சொல்லு."

"வைக்க மாட்டாங்க. பாட்டு முடியற வரைக்கும் கால் தரையில படக் கூடாதுன்னு நான்தான் பழக்கியிருக்கேன். பாட்டைத் திரும்ப ஆரம்பிக்கிற பட்டன் எங்க போச்சு?"

"அப்டேட் வந்திருக்கும். வலது மூலையில பாரு."

"வலது மூலையில ஒரு புள்ளிதான் இருக்கு. தூசின்னு நினைச்சுத் துடைச்சுக்கிட்டிருந்தேன்."

"அதுதான் பட்டன்."

மறுமுனையில் யாரோ தொப்பென்று விழும் சத்தமும், "பரவாயில்லை டீச்சர், எனக்கு ஒண்ணும் ஆகலை" என்ற குரலும் கேட்டன. போன் துண்டிக்கப்பட்டது.

மனைவி ஒரு மாடியறையில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். பாட்டுக்கு ஏற்ப கையும் காலும் அசைய வேண்டும் என்பது அவளுடைய முறை. எந்தப் பாட்டு என்பதை அவள் முடிவுசெய்வாள். அந்தப் பாட்டு எந்தச் செயலியில் ஓட வேண்டும் என்பதை அவர்தான் முடிவுசெய்வார். அவரிடம் அந்த விஷயத்தில் யாரும் வாதாட முடியாது. போன் கடை நடத்தும் மைத்துனன்கூட முயன்று பார்த்துத் தோற்றுப்போய், பழிவாங்கும் விதமாக அவருக்கு 'ஒத்த ஸ்டார்' என்று பெயர் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

பெயர் பொருத்தமானதுதான். எந்த மென்பொருளைத் தொட்டாலும் அதற்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு, கீழே நீளமாகக் கருத்து எழுதுவது அவர் வழக்கம். கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றுக்கு, 'மழை பெய்கிறது, கண்ணாடி துடைப்பான் ஓடவில்லை, ஓட்டுநருக்கு எப்படிப் பாதை தெரியும்?' என்று கேட்டு ஒரு ஸ்டார். படம் பார்க்கும் செயலிக்கு, 'இசையமைத்தவர் பெயரைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த படத்துக்குப் பிடித்துத் தள்ளுகிறீர்கள்' என்று ஒரு ஸ்டார். செய்தி அனுப்பும் செயலிக்கு, 'தட்டச்சு செய்கிறார் என்று காட்டிவிட்டுக் கடைசியில் எதையுமே அனுப்பாதவர்களுக்கு என்ன தண்டனை வைத்திருக்கிறீர்கள்?' என்று ஒரு ஸ்டார். எல்லாவற்றுக்கும் 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று ஒரே பதில் வரும். இயந்திரம் எழுதுவது. அவர் அதற்கும் பதில் எழுதுவார்.

மனைவியின் வகுப்பில் ஓடும் பாட்டுமூட்டை மட்டும் வேறு. அது அவருடைய செல்லம். வாங்கிய பாட்டுகளையெல்லாம் நம் கையிலேயே மூட்டை கட்டி வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் யாருக்கும் வாடகை கட்ட வேண்டாம். "பாட்டை வாடகைக்குக் கேக்கிறது பல் தேய்க்கிற பிரஷை வாடகைக்கு எடுக்கிற மாதிரி" என்பார். அதற்கும் ஒரு ஸ்டார்தான் போட்டிருந்தார்.

"பிடிச்ச செயலின்னு சொல்றீங்க, அதுக்குமா மாமா?" என்று மைத்துனன் ஒருமுறை கேட்டான்.

"பிடிச்சதைத்தானே கண்டிச்சு வளர்க்கணும்" என்றார்.

வகுப்பில் ஒருவர் விழுந்த அன்று மதியம், கடைக்கு வந்தவர்களைக் காத்திருக்க வைத்துவிட்டு அவர் எழுதினார். 'நான் கண் பரிசோதகன். கண்ணுக்குத் தெரியாத பட்டனை வைத்தவர் என் கடைக்கு வரட்டும், இலவசமாகச் சோதித்துத் தருகிறேன். பட்டன் என்றால் தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும்.'

மறுநாள் காலையே அப்டேட் வந்துவிட்டது. பட்டன் தூரத்திலிருந்தும் தெரிந்தது, ஏனென்றால் திரையில் பட்டனைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "நான் சொன்னேன், செஞ்சுட்டாங்க. இவ்வளவு பெரிய கம்பெனி ஒரு ஆள் பேச்சைக் கேக்குதுன்னா, அந்த ஆள் பின்னால எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு கணக்குப் போட்டுக்கோ."

அவள் கணக்குப் போடவில்லை. வகுப்புக்குப் போனாள். பாட்டு ஓடும் டேப்லெட்டை நகர்த்தி வைத்தபோது கை பட்டது, பாட்டு மாறியது. துண்டு பட்டது, பாட்டு மாறியது. எல்லோரும் தரையில் படுத்துக் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் ஈ வந்து திரையில் உட்கார்ந்தது. தாரை தப்பட்டையோடு ஒரு குத்துப்பாட்டு வெடித்தது. வகுப்புக்கு வரும் மருந்துக்கடை அம்மா எழுந்து உட்கார்ந்தவர், இதயம் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க அதை விடவேயில்லை.

மாலையில் அவர் எழுதினார். 'பாட்டை மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிற மரியாதைகூடக் கிடையாதா?'

அடுத்த நாளிலிருந்து செயலி கேட்கத் தொடங்கியது. 'இந்தப் பாட்டை நீங்கள் உண்மையிலேயே கேட்க விரும்புகிறீர்களா?' ஆம் என்றால், 'நன்றாக யோசித்துவிட்டீர்களா?' அதற்கும் ஆம் என்றால்தான் பாடும். ஒவ்வொரு பாட்டுக்கும் மனைவி வரிசையை விட்டு ஓடிப்போய் இரண்டு தடவை அழுத்திவிட்டுத் திரும்ப ஓடி வந்தாள். வகுப்பு முடியும்போது மற்றவர்களைவிட அவளுக்குத்தான் நல்ல பயிற்சி ஆகியிருந்தது.

"நான் இளைச்சுப் போயிட்டேன்" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "உங்க செயலியால நடந்த ஒரே நல்லது அதுதான்."

"தப்பு அவங்க மேல இல்லை. நான்தான் முழுசா சொல்லலை. கையே வேண்டாம், குரல்லயே நடக்கட்டும்."

"தயவுசெஞ்சு எதுவும் எழுதாதீங்க."

எழுதிவிட்டார். 'குரல் கட்டளை வேண்டும். அதுவும் புத்தகத் தமிழில் அல்ல. வீட்டில் பேசுகிற பேச்சு அதற்குப் புரிய வேண்டும்.'

புரிந்தது. அதுதான் விபரீதமாகப் போயிற்று. "இப்ப காலை மாத்துங்க" என்று மனைவி சொன்னதும் பாட்டை மாற்றியது. "கொஞ்சம் மெதுவா" என்றாள். பாடகர் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரைப்போல இழுத்து இழுத்துப் பாடினார். "அப்படியே நிறுத்துங்க" என்றாள், நின்றுவிட்டது. இதெல்லாம்கூடச் சமாளிக்கக்கூடியவை. "இடது கையைத் தூக்குங்க. இன்னும் நல்லாத் தூக்குங்க. எல்லாரும் தூக்குங்க" என்று அவள் உற்சாகமாகச் சொல்லச் சொல்ல, பாட்டுமூட்டை சத்தமில்லாமல் ஒவ்வொரு பாட்டாகத் தூக்கிக்கொண்டே வந்தது. வகுப்பு முடிந்து பார்த்தால் மூட்டை காலி.

அவர் கம்ப்யூட்டரில் நகல் வைத்திருந்தார். பாட்டெல்லாம் திரும்பி வந்துவிட்டது. மனைவியின் முகம் மட்டும் பழையபடி திரும்பி வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை நகர மண்டபத்துல எங்க வகுப்போட நிகழ்ச்சி" என்றாள். "புதுசா ஆட்களைச் சேர்க்கணும்னுதான் அதையே வச்சிருக்கேன். அது சொதப்பினா வகுப்பையே இழுத்து மூட வேண்டியதுதான். அன்னைக்கு என் தம்பி போன்ல இருந்து பாட்டு ஓடட்டும்."

"அந்த வாடகைச் செயலியிலயா?"

"ஆமா."

"நாளைக்கு இந்தப் பாட்டு இல்லைன்னு அவங்க எடுத்துட்டா?"

"நீங்க எடுக்காம இருந்தாப் போதும்."

அவருக்கு அந்த இரவு சோறு இறங்கவில்லை. எத்தனையோ வருடமாகச் சொல்லி வந்த கருத்து, நிறைந்த சபையில், அதுவும் மைத்துனன் கையால் தோற்கப்போகிறது. மறுநாள் கடையில் உட்கார்ந்து, வாழ்நாளிலேயே நீளமான கருத்தை எழுதினார். பட்டன் எவ்வளவு பெரிதாக, எந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் மூச்சு வாங்க எவ்வளவு நேரம் விட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. ஒட்டுக் கேட்கக் கூடாது. கடைசியில், 'ஞாயிறு காலை நகர மண்டபத்தில் என் மனைவியின் நிகழ்ச்சி. உங்களுக்கு மனசாட்சி இருந்தால் நேரில் வந்து பாருங்கள்' என்று முடித்தார். முடித்த பிறகுதான், கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்த ஒருவர் இன்னும் மேலே பார்த்தபடியே இருப்பதைக் கவனித்தார்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. அப்டேட் வரவில்லை.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையோரம் மைத்துனன் ஒலிபெருக்கியோடு போனை இணைத்துவிட்டு, "கவலைப்படாதீங்க மாமா, உலகமே இதுலதான் பாட்டுக் கேக்குது" என்றான். அவர் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், தோற்ற கட்சி வேட்பாளர் மாதிரி.

முதல் பாட்டு அருமையாகப் போயிற்று. மனைவி முன்னால் நிற்க, பின்னால் எல்லோரும் ஒரே உடம்புபோல வளைந்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில், அத்தனை கைகளும் மேலே போயிருந்த நேரத்தில், பாட்டு அறுந்து ஒரு ஆணின் குரல் ஒலித்தது. "முதுகு வலியா? இனி எழுந்திருக்கவே மனம் வராது, எங்கள் மெத்தையில் படுத்துப் பாருங்கள்."

மண்டபம் சிரித்தது. மேடையில் கைகள் இறங்கவில்லை. பழக்கம் அப்படி.

மைத்துனன் விளம்பரத்தைத் தாண்டிக் குதித்து அடுத்த பாட்டைத் தட்டினான். திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடி தட்டினான்.

"என்னடா?" என்றாள் மனைவி உதட்டை அசைக்காமல்.

"அக்கா, இந்தப் பாட்டு இப்போது கிடைக்காதுன்னு வருது. நேத்து வரைக்கும் இருந்துச்சு. எடுத்துட்டாங்க போல."

அந்த நொடியில் முதல் வரிசையில் டேப்லெட் ஒருமுறை அதிர்ந்தது. பாட்டுமூட்டை புதுப்பிக்கப்பட்டது.

அவர் திறந்து பார்த்தார். தெளிவான எழுத்து. கேட்ட அளவில், கேட்ட இடத்தில் பட்டன். ஒரு கேள்வி இல்லை. கண் சோதிக்கும் பலகையின் கடைசி வரியை ஒருவர் தடுமாறாமல் படித்து முடிக்கும்போது வருகிற நிம்மதி அவருக்கு வந்தது. எழுந்து, மேடைப் படியை இரண்டிரண்டாகத் தாண்டி, மைத்துனன் போனிலிருந்து கம்பியை உருவி டேப்லெட்டில் செருகினார்.

"இது வேலை செய்யலைன்னா நான் உங்களோட பேச மாட்டேன்" என்றாள் மனைவி, சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

"பேசுவ."

பட்டனை அழுத்தினார். பாட்டு எடுத்தது. தூக்கிய கைகள் அலைபோல இறங்கின, கால்கள் எழுந்தன. ஒரு பாட்டு முடிந்து, மூச்சு வாங்கச் சரியாக இடம் விட்டு, அடுத்தது தானாகவே தொடங்கியது. "எல்லாரும் தூக்குங்க" என்று மனைவி குரல் கொடுத்தாள், பாட்டு அசையவில்லை. கடைசிப் பாட்டில் மருந்துக்கடை அம்மா இதயத்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துச் சுழன்றபோது மண்டபமே எழுந்து நின்று தட்டியது. வகுப்பில் சேரப் பெயர் கொடுக்கும் கூட்டம் மேடையிலிருந்து வாசல்வரை நீண்டது.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து மனைவி அவரைத் தேடி வந்தாள். வியர்வை வழிய, சபை என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னதுதாங்க சரி" என்றாள்.

திருமணமான நாளாக அவர் காதில் விழாத வாக்கியம் அது. மைத்துனனும் வந்தான். "மாமா, அந்தப் பாட்டுமூட்டையை எனக்கும் ஏத்திக் கொடுங்க" என்றான். அவர் அவனை மன்னித்தார். பிறகு போனை எடுத்து, எல்லோரும் பார்க்க, வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டு ஸ்டார் போட்டார்.

"ரெண்டுதானா மாமா?"

"முன்னேற இடம் விடணும்ல." அவர் திரையை அவன் பக்கம் திருப்பினார். "அங்க பாரு. நான் போட்டு ஒரு நிமிஷம் ஆகலை, மொத்தச் சராசரியே ஒண்ணுல இருந்து ரெண்டாயிடுச்சு. நான் மாறினா உலகமே மாறுது."

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு இளம்பெண் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது, மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"சார், பாட்டுமூட்டை கம்பெனியில இருந்து வர்றேன். நீங்க எழுதினதைப் பார்த்துட்டு நேர்லயே வந்துட்டேன். கடைசி அப்டேட்டை இங்க உக்காந்துதான் அனுப்பினேன்" என்றாள். "ரெண்டு ஸ்டார் வந்ததும் ஆபீஸுக்கு போன் பண்ணிச் சொன்னேன் சார். அங்க எல்லாரும் அழுறாங்க."

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அவளுடைய கண்ணாடியைக் கழற்றி வாங்கி, காம்பை வளைத்து நேராக்கி, துடைத்து, அவளிடமே கொடுத்தார்.

"அழ வேண்டாம்னு சொல்லும்மா. நான் எனக்காகவா எழுதினேன்? இதைப் பயன்படுத்துற லட்சக்கணக்கான ஜனங்களுக்காகத்தானே எழுதினேன்."

அந்தப் பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"சார், இதை இன்னும் அழிக்காம வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்; நீங்களும் போயிட்டா எங்க மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."