மழைப் பாட்டு முடிந்தால் கண்மாய் விலக்கு

அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்கு எத்தனையோ ஷேர் ஆட்டோ ஓடுகிறது. அதில் பாட்டுக்காகவே ஓடியது ஒன்றே ஒன்றுதான். ஆளேற்றியதெல்லாம் டீசல் செலவுக்காக. அதை ஓட்டியவருக்குப் பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டம்மாவுக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். ஊருக்கெல்லாம் அவர் ‘முந்நூத்திருபது’.

பெயர்க்காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டைச் சுருக்கித்தான் பிளேயரில் ஏற்றுவார்கள். இறுக்கிச் சுருக்கினால் நிறையப் பாட்டு பிடிக்கும், ஆனால் குரல் குடத்துக்குள்ளிருந்து வரும். லேசாகச் சுருக்கினால் தெளிவாகக் கேட்கும், ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். இதற்கு அளவெண்கள் உண்டு. அறுபத்துநாலு, நூற்றிருபத்தெட்டு என்று ஏறிக்கொண்டே போய் முந்நூற்றிருபதில் முடியும். அதற்குக் கீழே எதையும் நம்மவர் காதில் வாங்கமாட்டார்.

அவருடைய பிளேயரோ தீப்பெட்டி அளவு. கண்ணாடிக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டுத் தொங்கும். அவருக்குப் பிடித்த அளவில் ஏற்றினால் இருபது பாட்டுக்கு மேல் தாங்காது.

“போன்லயே போட வேண்டியதுதானண்ணே?” என்று, ரெட்டியபட்டியில் வேலை பார்த்துத் தினமும் அதில் போய்வந்த நான் ஒருநாள் கேட்டேன்.

“போன்ல பாட்டு ஓடும்போது வீட்டுல இருந்து கூப்பிட்டா பாட்டு நின்னுரும் சார். சரணத்துக்கு நடுவுல ‘தக்காளி வாங்கிட்டு வாங்க’ன்னு சத்தம் வந்தா, பாடுனவுக மனசு என்ன பாடுபடும்?”

பெரிய பிளேயராக வாங்கலாமே என்றால் அதற்கும் பதில் வைத்திருந்தார். “எடம் இருந்தா கண்டதும் ஏறும் சார்.” இதைச் சொன்னபோது மூன்று பேர் சீட்டில் ஐந்து பேரை அடைத்திருந்தார்.

வண்டி கிளம்பினால் இஞ்சின் தனியாக, தார்ப்பாய் தனியாக, பின்னால் கட்டிய பால் கேன் தனியாகக் கச்சேரி செய்யும். அந்த இரைச்சலில் பக்கத்து ஆள் தும்மினாலே எங்களுக்குக் கேட்காது. இவருக்கு மட்டும் வயலின்காரர் தாளைப் புரட்டுவது கேட்கும். “கேட்டீகளா சார், இந்த எடத்துல பாடுறவுக மூச்சு இழுக்குறாக பாருங்க” என்று திரும்பிப் பார்ப்பார். எதிரே லாரி வரும். நாங்கள்தான் மூச்சை இழுத்துப் பிடிப்போம்.

ஒருமுறை அடிமட்டமாய்ச் சுருக்கிய பாட்டு ஒன்றைக் கொண்டுபோய், டவுனில் உள்ள செல் கடைக்காரரிடம் அதை முந்நூத்திருபதாக ஏற்றித் தரச் சொன்னார். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அண்ணே, குருணை அரிசிய பெரிய சாக்குல கட்டுனா முழு அரிசி ஆயிருமா?”

“நீ கட்டித் தா. பொங்கிப் பாத்துச் சொல்றேன்” என்றார் இவர். பொங்கியும் பார்த்தார். வழி நெடுகக் கேட்டுவிட்டு, “சத்து ஏறியிருக்கு” என்று திருப்தியாகச் சொன்னார்.

கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி சும்மா இருக்காமல் இவரைச் சோதித்தாள். ஒரே பாட்டை இரண்டு அளவில் ஏற்றி வந்து, எது எதென்று சொல்லாமல் போட்டுக் காட்டினாள். நம்மவர் கண்ணை மூடிக் கேட்டார். நல்ல வேளை, வண்டி நின்றிருந்தது. “இதுதாம்மா முந்நூத்திருபது! ஒவ்வொரு தட்டும் தனித்தனியா விழுகுது பாரு” என்றார். அது அறுபத்துநாலு. வண்டியே குலுங்கிச் சிரித்தது. அவர் அசரவில்லை. “காது நம்பிக்கையில வேலை பாக்குற சாமான். அதப் போயி ஏமாத்துனது ஒன் குத்தம்” என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

அவருக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. பாட்டை நடுவில் அறுக்கமாட்டார். ஸ்டாப்பிங்கும் பாட்டின் முடிவும் ஒன்றாக வரும்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவார். பாட்டுகளின் வரிசையும் மாறாது. வருஷக்கணக்கில் இப்படியே ஓடியதில் எங்களுக்கு ஊர்ப்பெயர்களே மறந்துவிட்டன. அம்மன் பாட்டு முடிந்தால் பாலம். அழுகைப் பாட்டு முடிந்தால் ரைஸ் மில். மழைப் பாட்டு முடிந்தால் கண்மாய் விலக்கு. நான் பார்த்தவரை அந்தக் கண்மாயில் தண்ணீர் கிடந்ததில்லை. மழை இருந்ததெல்லாம் பாட்டில்தான். தறிக்காரர்கள் ஏறியதுமே தூங்கிவிடுவார்கள், அவரவர் பாட்டு முடியும்போது அலாரம் வைத்ததுபோல எழுந்து இறங்குவார்கள்.

கண்மாய்க்குப் பாதை பிரியும் அந்த விலக்கில் இறங்குபவர் பூக்கார முத்தக்கா. டவுனில் பூ வாங்கி உள்ளூரில் முழம் போட்டு விற்பவர். தினமும் என் பக்கத்தில்தான் உட்காருவார். மழைப் பாட்டு முடிகிறபோது நான் காலை மடக்கி வழி விடுவேன், அவர் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அதே தடத்தில் புது ஆட்டோ ஒன்று வந்தது. உள்ளே டிவி, சீட்டுக்குச் சீட்டு விளக்கு, ஆயிரம் பாட்டு. எங்கள் வண்டியில் கூட்டம் கரைய ஆரம்பித்தது. இரண்டே ஆளோடு கிளம்பிய காலைகளும் உண்டு. இப்படியே போனால் வண்டியை விற்க வேண்டியதுதான் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். இருக்கிற நாங்களாவது வாயை மூடிக்கொண்டு இருந்தோமா என்றால் இல்லை. முத்தக்காதான் முதல் ஆள்.

“ஏப்பா முந்நூத்திருபது, கேட்ட பாட்டையே கேட்டுக் காது காச்சுப் போச்சுப்பா. பாட்ட மாத்துறியா, நா டிவி ஆட்டோவுல போகவா?”

நம்மவர் அன்று மாலை செல் கடையில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, “எல்லாத்தையும் அறுபத்துநாலுல அடிச்சு ஏத்துப்பா. எத்தன பிடிக்குமோ அத்தன” என்றாராம். கடைக்காரர் என்னிடம் சொன்னது இது. மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை சார் என்றார்.

மறுநாள் காலை வண்டியில் ஒரே கொண்டாட்டம். புதுப் பாட்டு, அதுவும் கலந்து கலந்து. குரல்கள் குடத்துக்குள்ளிருந்துதான் வந்தன, அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? ஓட்டுபவர் மட்டும் இழவு வீட்டுக்குப் போகிறவர் போல உட்கார்ந்திருந்தார். தூங்கிய தறிக்காரர்கள் எழவேயில்லை. அவருக்கும் எங்கே நிறுத்துவதென்று பிடிபடவில்லை. நானோ டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பாலம், மில், கண்மாய் எல்லாம் பின்னால் போய்விட்டன. ரெட்டியபட்டியில் போய் நின்றதும்தான் தறிக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரைப் பிடித்துத் திட்டினார்கள்.

முத்தக்கா மட்டும் இறங்கவில்லை. கூடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“கண்மாய் வந்துருச்சா தம்பி?”

“கண்மாய் எப்பவோ போயிருச்சேக்கா! இது ரெட்டியபட்டி.”

“நா எப்படிக் கண்டேன்? மழைப் பாட்டு வரலையே!”

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. கையை நீட்டிக் கம்பியைத் தடவித் தேடினார். கம்பி கண்ணுக்கு எதிரேயே இருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“கொஞ்ச நாளாவே மங்கலாத்தான் தெரியுது” என்றார் தணிந்த குரலில். “யாருகிட்டயும் சொல்லல. பூ வாங்குறவுகளுக்குத் தெரிஞ்சா, வாடுன பூவக் குடுத்துருவான்னு வேற எடம் போயிருவாக. மொழம் போட கண்ணு வேணாம், கை போதும். எறங்கத்தான் பாட்டு வேணும். மாத்தச் சொன்னப்ப அது தோணலப்பா.”

முந்நூத்திருபது பிளேயரை அணைத்தார். ஏற நின்ற ஆட்களை விட்டுவிட்டு, முத்தக்கா ஒருவரோடு வண்டியைத் திருப்பிக் கண்மாய் விலக்குக்குப் போனார். பாட்டே இல்லாமல் அந்த வண்டி போனதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த நாள் ஏறி உட்கார்ந்தால், பழைய வரிசை. ஆனால் இடையிடையே புதுப் பாட்டுகளும் வந்தன. குடத்துக்குள் பாடிக்கொண்டிருந்த குரல் திடீரென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாடியது. மழைப் பாட்டு!

“வழியில வர்ற பாட்டெல்லாம் அறுபத்துநாலு. எறங்குற பாட்டு மட்டும் முந்நூத்திருபது” என்றார் கண்ணாடியில் பார்த்தபடி. “தெளிவாக் கேட்டா எறங்கணும்னு அர்த்தம். கொள்கைய விட்டுட்டேன்னு யாரும் சொல்லப்படாது.”

யாரும் சொல்லவில்லை. கரைந்த கூட்டமும் மெல்லத் திரும்பியது. டிவி ஆட்டோவில் படம் பார்த்து ஸ்டாப்பிங்கைக் கோட்டைவிட்டவர்கள்தான் முதலில் வந்தார்கள்.

நம்மவரே முத்தக்காவை நச்சரித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஆபரேஷனும் முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு ஏறிய அக்கா முதல் வேலையாக வண்டியைச் சுற்றிப் பார்த்தார். “இம்புட்டு அழுக்காவா வச்சிருந்த இத்தன நாளும்? இப்பத்தான் எனக்குக் கண்ணு தெரியுதே, அந்த மழைப் பாட்டத் தூக்கிரு.”

“ஒங்களுக்குக் கண்ணு தெரியுதுக்கா. எனக்கு எங்க நிப்பாட்டணும்னு தெரியணுமுல்ல?”

நான் இப்போது மதுரைக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். போன வாரம் ஏசி பஸ்ஸில் போகும்போது அந்த மழைப் பாட்டு வந்தது. நல்ல ஸ்பீக்கர், ஆனாலும் ஏதோ குறைந்தது. இது முந்நூத்திருபது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், காது நம்பிக்கையில் வேலை பார்க்கிறது. அந்த மனுஷனைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பாட்டு முடிந்தது. என் கால்கள் தாமாக மடங்கி ஒதுங்கின.

பக்கத்து சீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். “எறங்கணுமா சார்?”

“இல்லைங்க” என்றேன். “கண்மாய் வந்துருச்சு.”