பென் டிரைவ் அண்ணன் கழுத்தில் தொங்கிய ஃபேக்டரி

ஆம்பூரில் எங்கள் ஃபேக்டரியிலிருந்து கப்பலேறிய ஷூ ஒவ்வொன்றும் ஒரே ஒரு மனிதரின் கழுத்தை நம்பித்தான் போனது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. அந்தக் கழுத்தைத் தேடி அணைக்கட்டு என்கிற ஊர் வரைக்கும் பைக்கில் பறந்த பிறகுதான் நம்பினேன்.

அவர் பென் டிரைவ் அண்ணன். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். கறுப்புக் கயிற்றில் ஒரு பென் டிரைவைக் கோத்துத் தாயத்து மாதிரி மாட்டியிருப்பார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கம்ப்யூட்டரில் செருகுவார், சாயங்காலம் பிடுங்கிக்கொண்டு போவார். எட்டு வருஷத்தில் ஒரு நாள் லீவு கிடையாது. காய்ச்சல் வந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவார். என்ன பொறுப்பு என்று நான் மெய்சிலிர்த்தேன். என்னைச் சொல்லவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கல்யாணம். அன்றைக்கென்று பார்த்து அவசர ஷிப்மெண்ட் வந்து, ஃபேக்டரியைத் திறந்துவிட்டார்கள். பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கவேண்டும். லேபிள் அடிக்கும் புரோகிராமோ, தான் ஓடுவதற்குத் தேவையான லைப்ரரி ஃபைல்களைக் காணவில்லை என்று நின்றுவிட்டது.

"ஒரு மணிக்கு கண்டெய்னர் கெளம்பணும். லேபிள் வரலன்னா நாளைக்கு நீ வராத" என்றார் மேனேஜர். கம்ப்யூட்டரில் அண்ணனுக்கு உதவியாளாக நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த ஃபைல்களை எங்கெங்கே தேடவேண்டும் என்று புரோகிராமுக்கு ஒரு பட்டியல் எழுதிவைப்பது வழக்கம். திறந்து பார்த்தேன். பட்டியலில் ஒரே வரி, ஈ டிரைவ். அதாவது அந்தப் பென் டிரைவ். வேறெங்கும் ஒரு காப்பிகூட இல்லை. அடப்பாவி மனுஷா, மொத்த ஃபேக்டரியும் உன் பனியனுக்குள்ளேயா?

அணைக்கட்டில் இருந்த கல்யாண மண்டபத்துக்குப் பைக்கில் பறந்துபோய், மணமேடை ஏறி அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் மாலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம ஃபேக்டரி இல்லன்னுதான் முகூர்த்தமே வெச்சேன், தம்பி."

மணப்பெண் திரும்பி அவர் மாலைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாங்க இது? தாயத்துன்னு இல்ல சொன்னீங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "மொதல்ல ஃபேக்டரிய கழட்டுங்க. அப்புறம் தாலி கட்டலாம்" என்று மணப்பெண்ணே அவர் மாலையைத் தூக்கி, கயிற்றை உருவி, என் கையில் போட்டார்.

எனக்கு ஆறவில்லை. "ஏண்ணே, கம்ப்யூட்டர்லயே வெச்சிருக்கலாம் இல்ல?"

"அதுலயே வெச்சா அதுபாட்டுக்கு ஓடும் தம்பி. அப்புறம் என்னை எவன் தேடுவான்?"

சிரிக்காமல் சொன்னார். கோபத்தோடு போன நான், அந்தக் கயிற்றை என் கழுத்தில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

கண்டெய்னர் நேரத்துக்குக் கிளம்பியது, என் வேலையும் பிழைத்தது. ஃபைல்களைக் கம்ப்யூட்டரிலேயே காப்பி செய்து, அந்த இடத்தைப் பட்டியலில் இரண்டாவது வரியாகச் சேர்த்தேன். திங்கட்கிழமையே வந்துவிட்ட புது மாப்பிள்ளை பட்டியலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேல இருக்கற என் வரிய தூக்கலயா?"

"இல்லண்ணே."

"டீ சாப்ட்டு வரலாம், வா."

அடுத்த வாரம் முதல்முறையாக லீவு போட்டார். இப்போது வேலூர்ப் பக்கம் வேறு வேலையில் இருக்கிறார். கம்ப்யூட்டரில் ஈ டிரைவே இல்லை, அந்த வரியை அழித்துவிடலாமே என்று இங்கே எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நான் விடவில்லை. தினமும் காலையில் அந்தப் புரோகிராம் முதலில் அவரைத் தேடிவிட்டு, இல்லை என்று தெரிந்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்கிறது. நானும் அப்படித்தான்.