நீலப் பல்லி கிளப்பும் வெள்ளிக்கிழமை ஒருசந்தியும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தலையில் அடித்தோ கற்பூரத்தை அணைத்தோ செய்கிற சில்லறைச் சத்தியம் இல்லை. தேவிகுளத்துக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் நாற்பத்து நான்கு வருஷமாகக் கத்தரீனாள் தவறாமல் இருந்துவரும் வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதத்தின் மேல் சத்தியம். அதைவிடப் பெரிய சத்தியம் அந்த மலையில் கிடையாது.

படம் எடுக்க வந்தவர்கள் வாசலில் முக்காலி விரித்துக் கேமராவை ஏற்றியபோதே, அவள் புருஷன் சுவக்கீன் வீட்டுக்குள் நழுவப் பார்த்தார்.

"தாத்தா, இப்படி வெளிச்சத்தப் பாத்து உக்காருங்க," என்றாள் ஜெஸ்னா. அதே தோட்டத்து லயத்தில், வரிசைவீடு ஒன்றில் பிறந்து, கொச்சிக்குப் போய் டாக்குமென்டரி எடுக்கிற பெண். சூதாட்டம், கடத்தல், கத்திக்குத்து, அரைகுறை ஆட்டம் என்று பழைய பம்பாயில் சகலத்துக்கும் பேர்போன நீலப் பல்லி கிளப்பைப் பற்றி இப்போது படம் எடுக்கிறாள். "அங்க வேலை பாத்த ஆளு நம்ம லயத்துலயே இருக்காருன்னு அப்பா சொன்னதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல தாத்தா!"

சுவக்கீனுக்கும் தூக்கமில்லை. காரணம் வேறு.

நீலப் பல்லிக்குள் அவர் கால் வைத்ததே கிடையாது. பம்பாயில் மூன்று வருஷம் அவர் பார்த்தது, கிளப்புக்கு எதிர்வரிசை பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. ஊர் திரும்பியதும் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, இளவட்டங்களிடம் கிளப்பில் வேலை பார்த்ததாக எடுத்து விட்டார். அது லயம் லயமாக நடந்து, அவருக்குப் பேசி வைத்திருந்த கத்தரீனாள் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. வேறொருத்தியாக இருந்தால் கல்யாணத்தை நிறுத்தியிருப்பாள். கத்தரீனாளோ, "இந்தப் பாவியக் கரையேத்தத்தான் மாதா என்னைப் படைச்சிருக்கா" என்று கழுத்தை நீட்டினாள்.

கல்யாணமான முதல் வெள்ளிக்கிழமையே ஒருசந்தி தொடங்கிவிட்டது. காலையில் பாலில்லாத கட்டங்காப்பி, ராத்திரி கஞ்சி, நடுவில் மத்தியானம் முழுக்கக் கோயிலில் முழங்கால் ஜெபம். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று சுவக்கீன் தள்ளிப்போட்டதில் தலை நரைத்துவிட்டது. இத்தனை பட்டினியும் செய்யாத பாவத்துக்கு என்று தெரிந்தால் அவள் சும்மா விடுவாளா? இவ்வளவு விரதத்திலும் அவள் உடம்பு பூரித்ததே தவிர வாடவில்லை. பங்குச் சாமியார் அதைத் தேவகிருபைக்கு உதாரணமாகப் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார்.

அன்றும் வெள்ளிக்கிழமை. புருஷனின் பாவத்தை விவரமாகக் கேட்க இத்தனை வருஷம் கூச்சப்பட்டிருந்த கத்தரீனாள், கையில் செபமாலையோடு கேமராவுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கிளப்புல என்ன வேலை தாத்தா?"

"வாசல்ல நின்னேன். வாரவன் போறவன ஆளு பாத்து உள்ள விடணும்."

ஜெஸ்னா காகிதத்தைப் புரட்டினாள். "வாசல்ல நின்னது ஒரு பதான் ஆளாச்சே? தொறந்த நாள்லருந்து மூடுன நாள் வரைக்கும் அவரு ஒருத்தர்தான். போன மாசம் பேட்டி எடுத்தோம்."

"அப்ப நீங்க எந்த வாசல்ல நின்னீங்க?" என்றாள் கத்தரீனாள்.

"ஒரு வாரந்தாண்டி நின்னேன். அப்புறம் பேண்டுல டிரம்ஸ்."

கேமராக்காரன் ஷிஜு அந்த நிமிஷமே ஜீப்பில் பாய்ந்து போய்க் கோயில் டிரம்ஸை ஏற்றிவந்து இறக்கினான். சுவக்கீன் குச்சிகளைத் தூரப் போட்டார். அவர் கைக்குத் தெரிந்தது ஒரே வேலை. டிரம்ஸை அழுத்தினார், உருட்டினார், ஓங்கி அறைந்தார், மறுபடி அழுத்தினார்.

"இது என்ன தாளம்?"

"பம்பாய்த் தாளம்."

"டிரம்ஸ்காரர் மகன் போட்டோ அனுப்பிருக்காரு தாத்தா. அதுல நீங்க இல்லயே?"

செபமாலை நின்றது. "ஏங்க," என்றாள் கத்தரீனாள் மெதுவாக, "நெசமாவே நீங்க அந்தக் கிளப்புக்குப் போனீங்களா, இல்லயா?"

சின்னப் பொய் இனி தாங்காது என்று சுவக்கீனுக்குப் புரிந்தது. தலையைத் தொங்கப்போட்டார்.

"எப்படிட்டி என் வாயால சொல்லுவேன்? ஆடுனேன். பொம்பள வேசங்கட்டி. சரிகைப் பாவாடை, மூஞ்சில முகமூடி."

ஜெஸ்னா துள்ளி எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது. "ஷிஜு, ஓடுதா? தாத்தா, கடைசி ரெய்டுல முகமூடி போட்ட டான்ஸர் ஒண்ணு இன்ஸ்பெக்டர இடுப்பால ஒரே இடி இடிச்சு, மாடிப்படில உருட்டி விட்டுட்டுத் தப்பிச்சுச்சு! இன்னைக்கு வரைக்கும் யாருன்னே தெரியாது! நீங்கதானா?"

"அவரா வழுக்கி விழுந்தாரு."

"நாலு பல்லு போச்சு தாத்தா!"

"ரெண்டுதான்," என்றார் சுவக்கீன், பழக்கதோஷத்தில்.

அந்த இன்ஸ்பெக்டர் உயிரோடுதான் இருக்கிறார், எண்பத்தொன்பது வயசு என்றாள் ஜெஸ்னா. தடுப்பதற்குள் வீடியோ காலில் அவர் வந்தேவிட்டார். இந்தியில் ஏதோ அதட்டினார்.

"ஆடிக் காட்டச் சொல்றாரு தாத்தா!"

கத்தரீனாளின் பாவாடையைக் கைலிக்கு மேலே இறுக்கிக்கொண்டு சுவக்கீன் ஆடினார். கை மாவு பிசைந்தது, இடுப்பு தன் போக்கில் போனது. போனுக்குள் கிழவர் படுக்கையிலிருந்து எம்பி எழுந்து கத்தினார்.

"அதே இடுப்புங்குறாரு!" ஜெஸ்னா கைதட்டினாள். "கேஸு இன்னும் மூடலையாம் தாத்தா!"

கத்தரீனாள் எழுந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏதோ பாத்திரம் கழுவுன பாவம்னு நெனச்சிட்டிருந்தேன். இதுக்கு வெள்ளிக்கிழமை பத்தாது. இனிமே புதன்கிழமையும் ஒருசந்தி."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தேயிலைக்கு நடுவே கோயில் இறக்கத்தில் இறங்கிப் போனாள்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்ற சுவக்கீனுக்குத் தாங்கவில்லை. பாவாடையோடு அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"கேமராவ ஓட விடு புள்ள," என்றார். "நான் அந்தக் கிளப்ப உள்ள பாத்ததே இல்ல. எதுத்த பேக்கரில பன்னுக்கு மாவு பிசைஞ்சேன். இன்ஸ்பெக்டரும் தெரியாது, பல்லும் தெரியாது. அவ வரட்டும், கால்ல விழுந்து சொல்லிர்றேன். செய்யாத பாவத்துக்கு நாப்பத்து நாலு வருசமா அந்தப் பச்சை மண்ணு வயித்தக் காயப்போட்டிருக்கா. நான் மனுசனா?"

ஜெஸ்னா கண்ணைத் துடைத்தாள். ஷிஜு கேமராவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சினான்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு ஜீப் ஒன்று மேலேறி வந்தது. கோயில் முக்கில் ஓட்டல் வைத்திருக்கும் சூசையப்பன். ஷிஜு பையைப் பிரித்துப் பார்த்தான்.

"பொரோட்டாவுக்கு மூணு பீஃப் ரோஸ்ட் சொன்னோமே சேட்டா, ரெண்டுதான் இருக்கு?"

சூசையப்பன் தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க சார். எங்கப்பா கடை நடத்துன காலத்துலருந்தே வெள்ளிக்கிழமை மத்தியானம் பின்கட்டு மேசையும் முதல் ரோஸ்ட்டும் கத்தரீனா மதினிக்குத்தான். இப்பவும் அங்கதான் உக்காந்து சாப்புடுறாங்க, இனிமே புதன்கிழமையும் ஒரு பிளேட்டு எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க."