ஏழாம் பலகை பற்றிய அறிவிப்பு

ஓட்டையை அடைப்பது எந்தத் தச்சனும் செய்யக்கூடிய காரியம். ஓட்டை இருக்கிறது என்பதைப் பார்ப்பவர் மனம் குளிர அறிவிப்பதுதான் முன்னேறிய சமூகத்தின் அடையாளம். இந்தப் பேருண்மையைப் புத்தளம் மாவட்டத்தில் முதன்முதலில் கண்டறிந்த பெருமை, களப்புக் கரை வசதிகள் ஒருங்கிணைப்புக் கந்தோரையே சாரும். கண்டறிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பிளேன்ரீக்கும் பகல் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில்.

அந்தக் கந்தோரின் முகாமைத்துவ உதவியாளர் நஸ்ஹா. பதினொரு வருடமாகக் கடிதம் அடித்து வருகிறாள். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் வேறு யாராவது கையொப்பமிடுவார்கள். அவளுடைய பெயர் வரவுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும். "வடிவமைப்பாளர் அல்லாதோருக்கான அடிப்படை வடிவமைப்பு" என்று கொழும்பிலிருந்து இணையவழி நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் பணிப்பாளர் சரீப் சேர் அவளைத்தான் தெரிவுசெய்தார். கந்தோரில் அவளுடைய கணினியில் மட்டுந்தான் சத்தம் கேட்கும் என்பது அந்தத் தெரிவின் அடிப்படை.

பயிற்சி அவளை அசைத்துவிட்டது. ஓர் அறிவிப்பு ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் கூடாது. முக்கியமானது பெரிதாகத் தெரிய வேண்டும். எழுத்தும் பின்னணியும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெறுமையாக விட்ட இடத்தைக் கண்டு பயப்படக் கூடாது, கண் அங்கேதான் மூச்சு வாங்குகிறது. இந்தக் கடைசி வசனத்தை நஸ்ஹா கொப்பியில் எழுதி இரண்டு தரம் அடிக்கோடிட்டாள். மாமியார், இரண்டு மதினிமார், ஒரே குசினி என்று வாழ்கிறவள். வெறுமையான இடத்தைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் அவளிடம் பேசியதில்லை.

அதன் பிறகு உம்மா வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் பாலாவிச் சந்தியில் நின்றால் அவளுக்கு நிம்மதி போய்விடும். கடைப் பெயர்ப்பலகைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்துவது போலிருக்கும். ஒருநாள் அலுமாரியைத் திறந்து தன் கலியாண அழைப்பிதழை எடுத்துப் பார்த்தாள். ஏழு எழுத்துருக்கள். பொன்னிறத்தின் மேல் மஞ்சள் எழுத்து. ஒன்பது வருடமாக அந்தக் கலியாணத்தில் தன்னை உறுத்திக்கொண்டிருந்தது நிறப்பொருத்தம்தான் என்று அன்றைக்கு முடிவுசெய்தாள். அப்படி முடிவுசெய்வது வசதியாகவும் இருந்தது.

இந்த நிலையில்தான் எமிலியா கந்தோருக்கு வந்தார். அவர் உச்சமுனைத் தீவுக்காரர். கணவர் கில்பட்டுக்குச் சொந்தத் தோணி உண்டு. தீவுத் தோணிகள் கற்பிட்டிப் பக்கம் வந்து அணைகிற சின்ன மர ஜெட்டி நஸ்ஹாவின் கந்தோருடைய பொறுப்பில் இருந்தது. அதன் ஏழாம் பலகை உளுத்து விழுந்து மூன்று மாதம். விழுந்த வாரமே கில்பட் ஒரு பனம்பலகையைக் கொண்டுவந்து அடித்துவிட்டார். கந்தோர் அதைக் கழற்றி, "அனுமதியற்ற நிர்மாணம்" என்று சீட்டுக் கட்டி, களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டியது. அரச சொத்தில் தனியார் பலகை இருக்க முடியாது. ஓட்டை இருக்கலாம். அது அரச ஓட்டை.

எமிலியா வந்தது மகள் ஷானிகாவுக்காக. ஷானிகா எட்டு மாதக் கர்ப்பிணி. திங்கட்கிழமைதோறும் கிளினிக்குக்கு வரவேண்டும். போன திங்கள் ஓட்டையைத் தாண்டும்போது கால் சறுக்கியிருக்கிறது. கில்பட் மட்டும் எட்டிப் பிடித்திராவிட்டால் என்று தொடங்கிய வசனத்தை எமிலியா முடிக்கவில்லை.

"வயித்தால மறைச்சு அவளுக்கு இப்பக் காலே தெரியிறல்ல, மிஸ். எங்க மிதிக்கிறண்டு பாக்க ஏலாது. ஒரு பலகையும் நாலு ஆணியும் தாங்க. அவர் அடிச்சுக்குவார்."

ஓட்டை எவ்வளவு நீளம் என்று நஸ்ஹா கேட்டாள். ஆறடி, அகலம் ஒரு சாண் என்றார் எமிலியா. நஸ்ஹா தலையசைத்தாள். அவள் மனதுக்குள் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்துகள் எழும்பி நின்றன. ஒரு தாய் தன் பிள்ளையின் வயிற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது தான் மஞ்சளா செம்மஞ்சளா என்று யோசித்துக்கொண்டிருந்தது, அன்று பின்னேரம் குசினியில் வெங்காயம் வெட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கூட்டம் கூடியது. சரீப் சேர் கெட்ட மனிதர் அல்லர். ஷானிகாவின் கதையைக் கேட்டு உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு ஒதுக்கீட்டுக் கோவையைத் திறந்தார்.

"ஓட்டைய அடைக்க ஒதுக்கீடு இல்ல. ஓட்டையப் பத்தி மக்கள அறிவூட்ட ஒதுக்கீடு இரிக்கி. அதையும் இந்த மாசம் முடிக்காட்டி திரும்பிப் போயிரும்."

அறிவூட்டல் எதில் அமையவேண்டும் என்று ஆராயப்பட்டது. பெனர் வேண்டாம் என்பதில் சபை ஒருமனதாக இருந்தது. "களப்பைப் பேணுவோம்" பெனரின் மேல் இப்போது கருவாடு காய்கிறது. டெங்கு ஒழிப்புப் பெனர் ஒரு கோழிக்கூட்டுக்குக் கூரை. ஆகவே மரத்தில் செய்யத் தீர்மானிக்கப்பட்டது. நஸ்ஹா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினாள். வரி மடங்கினால் கண் தடுமாறும் என்பதால் அறிவிப்பு நீளவாக்கில் ஒரே வரியில் இருக்க வேண்டும் என்றாள். நல்ல வைரமான மரம், உப்புக் காற்றுக்காக முன்னும் பின்னும் வெள்ளை வர்ணம், முன்பக்கம் மஞ்சள் ஸ்டிக்கர். நீளம் ஆறடி, அகலம் ஒன்பது அங்குலம். அந்த அளவு எங்கிருந்து தன் வாயில் வந்தது என்று அவள் யோசிக்கவில்லை.

முதல் மாதிரியில் இவ்வளவுதான் இருந்தது: "கவனம். ஏழாம் பலகை இல்லை."

சரீப் சேர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இரிக்கி. ஆனா இந்த இடமெல்லாம் சும்மா கிடக்கே. ஆருட படத்தையாச்சும் போடுங்க."

"அது கண்ணு மூச்சு வாங்குற இடம், சேர்."

"மூச்சு வாங்க மூக்கு இரிக்கிதானே, நஸ்ஹா. இங்க மேலிடத்தப் போடுங்க."

மேலிடம் போடப்பட்டது. மேலிடம் தனியாக நின்றால் நன்றாயிராது என்று அதற்கு அடுத்த இடம் போடப்பட்டது. சரீப் சேர் நீலக் கோட்டு அணிந்த தமது படத்தை மிகுந்த தயக்கத்துடன் தந்தார். மூன்று அளவில் தந்தார். திட்டத்தின் பெயர் மும்மொழியில் வந்தது. எட்டு இலச்சினைகள் வந்தன. ஜெட்டி என்று மக்களுக்கு விளங்க வேண்டுமே என்று இணையத்திலிருந்து ஒரு ஜெட்டிப் படம் எடுக்கப்பட்டது. வேறு ஏதோ நாட்டு ஜெட்டி. அதில் எல்லாப் பலகைகளும் இருந்தன. ஏழாம் பலகை பற்றிய வசனம் வலது மூலைக்கு நகர்ந்து, மருந்துப் போத்தலில் காலாவதித் திகதி அடிக்கிற அளவுக்கு வந்து சேர்ந்தது.

"இப்பத்தான் நிறைவா இரிக்கி" என்றார் சரீப் சேர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட பேரையும் ஒரு ஓரத்தில போடுங்க. நீங்கதானே கஷ்டப்பட்ட" என்றும் சொன்னார்.

நஸ்ஹா அதன் பிறகு வாதாடவில்லை. "வடிவமைப்பு: நஸ்ஹா" என்று அடித்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் பெயர் காற்றில் நிற்கப்போகிறது. அச்சுக்கு அனுப்பிய பிறகு, ஏனோ தெரியாமல், எழுத்தின் அளவுகளைச் சரிபார்த்தாள். அவளுடைய பெயர் எச்சரிக்கையை விட ஒரு புள்ளி பெரிதாக இருந்தது. திருத்த நேரமிருந்தது. திருத்தவில்லை.

அடுத்த திங்கள் பத்து மணிக்குத் திறப்பு விழா. ஒன்பது மணிக்கு முன்பே முச்சக்கரவண்டியில் பலகையைக் கட்டிக்கொண்டு நஸ்ஹா ஜெட்டிக்குப் போய்விட்டாள். பலகையை நிறுத்துவதற்கான கம்பங்கள் வரவில்லை. கம்பங்களுக்கு வேறு கோவை. பலகையை ஒரு பீப்பாயில் சாய்த்து வைத்துவிட்டு நின்றபோது கில்பட்டின் தோணி வந்து அணைந்தது. கில்பட் முதலில் ஓட்டையைத் தாண்டி வந்தார். தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு ஷானிகா அந்தப் பக்கம் நின்றாள். காற்று அவளுடைய சட்டையை வயிற்றோடு சேர்த்து அடித்தது.

கில்பட் பலகையை இடமிருந்து வலமாக ஆறுதலாகப் பார்த்தார்.

"எங்க மிஸ், ஓட்டையப் பத்தி எழுதியிருக்கு?"

நஸ்ஹா மூலையைக் காட்டினாள். அவர் குந்தி உட்கார்ந்து வாசித்தார். அதற்கு மேலிருந்த அவளுடைய பெயரையும் வாசித்திருப்பார். பிறகு கையை விரித்துப் பலகையைச் சாண் போட்டார். எழும்பிப் போய் ஓட்டையைச் சாண் போட்டார். திரும்பி வந்தார்.

"இது கந்தோர் சாமானா?"

"ஓம்."

"ஜெட்டியும் கந்தோருட."

"ஓம்."

"அப்ப இது தனியார் பலகையில்ல."

அவர் கேள்வி கேட்கவில்லை. ஆனால் பதிலுக்குக் காத்து நின்றார். அந்தப் பக்கம் ஷானிகா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கண் தெரியாதவள் போலக் கால் விரலால் விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நஸ்ஹாவுக்குச் சரீப் சேரின் முகம் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால், வெட்கத்தோடு, தன்னுடைய பெயர் ஞாபகம் வந்தது. மாமியார் பார்க்கவேண்டும் என்று அதைக் கைபேசியில் படம்கூட எடுத்து வைத்திருந்தாள். படம் போதும் என்று தோன்றியது.

"ஆணி இரிக்கா?" என்று கேட்டாள்.

தோணியில் ஆணி இல்லாமலா. கில்பட் பலகையைத் தூக்கிவிட்டு ஒரு கணம் தயங்கினார்.

"பெரிய மனுசர்ட மூஞ்சியில மிதிக்கிறது மரியாதையில்ல. குப்புறப் போடுறன்."

நாலு ஆணி. ஷானிகா ஒரு காலை வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். பிறகு மற்றக் காலையும் வைத்து, பலகையின் நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். "அசையல்ல, மம்மி" என்று மட்டும் சொன்னாள். தாயும் மகளும் கிளினிக்குக்குப் போனார்கள்.

நஸ்ஹா கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தாள். சாம்பல் நிறமாய்க் கிடந்த ஜெட்டியில் ஒரே ஒரு வெள்ளைப் பலகை. ஒரு விஷயத்தைத்தான் சொன்னது. பின்னணியோடு கரையவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆறடி நீளத்துக்கு வெறுமையான இடம், அதில் யாருமே இல்லை. பயிற்சியில் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. அவளுடைய பெயர் கீழே மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டதாக அவளுக்குப் பட்டது.

சரீப் சேர் படம் பிடிப்பவருடன் பத்து மணிக்கு வந்தார். ஜெட்டியின் நடுவில் வந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"போர்ட் எங்க?"

"நிறுவியாச்சு, சேர். நீங்க அதுலதான் நிக்கிறீங்க."

அவர் குனிந்து பார்த்தார். அவர் நின்றது அநேகமாக அவருடைய கோட்டின் மேல். விஷயம் விளங்க வெகுநேரம் எடுத்தது.

"ஆக்கள் எப்பிடி வாசிக்கிற?"

"வாசிக்கத் தேவல்ல, சேர்."

சரீப் சேர் களப்பைப் பார்த்தபடி யோசித்தார். ஏழாம் பலகை இல்லை என்ற அறிவிப்பு நிறுவப்பட்டதும் ஏழாம் பலகை இருக்கத் தொடங்கிவிட்டது. அறிக்கையில் இதை எப்படி எழுதுவது? அப்போது கில்பட், யாரிடமும் சொல்லாதது போல, நாலாவதும் ஒன்பதாவதும் பன்னிரண்டாவதும் ஆடுது என்றார். ஒதுக்கீட்டில் இன்னும் பாதி மீதியிருந்தது.

"அதுகளுக்கும் அறிவிப்பு வேணும், சேர்" என்றாள் நஸ்ஹா. "அதே அளவுல. அதே மரத்துல. இன்னும் எத்தினயோ பேருட படம் போடாமக் கிடக்கு."

சரீப் சேரின் முகம் தெளிந்தது.

இன்று அந்த ஜெட்டியில் பதினொரு அறிவிப்புகள் இருக்கின்றன. பதினொன்றும் குப்புற. சென்ற ஆண்டின் "சிறந்த பொதுமக்கள் அறிவூட்டல்" சான்றிதழ் பணிப்பாளரின் கதிரைக்குப் பின்னால் தொங்குகிறது. கில்பட்டின் பனம்பலகை இன்னும் களஞ்சிய அறையில் சீட்டோடு பூட்டியிருக்கிறது. ஷானிகா இப்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கீழே பார்க்காமலே நடந்துபோகிறாள். அறிவிப்பு விடுவதைத் தவிர இந்தக் கந்தோர் மக்களுக்கு ஒன்றுமே செய்ததில்லை என்று குறைசொல்கிறவர்கள் ஒருமுறை வந்து அந்த ஜெட்டியில் நடந்து பார்க்கலாம். தாங்கள் சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று அவர்களுடைய கால்களே சொல்லும்.