பன்னீர் என்று சொன்ன ஈரம்

சிவமயம்

அரிமளம்
19-8-1958

கடல் கடந்து ஈப்போவில் இருக்கும் அண்ணன் முருகப்பன் அவர்களுக்கு, தங்கை ஆவுடையாள் வணங்கி எழுதுவது. அப்பச்சி நலம். ஆத்தா நலம். பசு நலம், கன்றும் நலம். இந்த 'நலம்' என்ற சொல்லை இதற்கு மேல் நீட்ட எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் பெற்ற அப்பச்சியைக் கேட்பதற்கு முன்னால் துரையைக் கேட்கிறீர்கள். நானும் ஒரு வருஷமாக, "துரை சுகம், வாலை ஆட்டுகிறான்" என்று எழுதி வந்தேன். வாலை ஆட்டியது உண்மை. மற்றதை இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

வெள்ளைக்காரர்கள் காலில் மாட்டும் வெள்ளை மேஜோடு நாலு காலிலும் போட்டதுபோல் இருக்கிறது என்று அந்த நாய்க்குட்டிக்கு நீங்கள் துரை என்று பெயர் வைத்துப் பதிமூன்று வருஷம் ஆகிறது. போன ஆவணியில் ஒரு காலை, முற்றத்துத் தாழ்வாரத்தில் தூணோரமாக ஈரம் கிடந்தது. அப்பச்சி அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார். மழை பெய்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஆனாலும் கொத்தனாரை வரவழைத்து இரண்டு வரிசை ஓடு மாற்றினார். மறுநாள் ஈரம் அடுத்த தூணுக்குப் போயிருந்தது. மூன்றாம் நாள், துரை தூங்கி எழுந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் ஓடு குற்றமற்றது என்று தெரிந்தது. அவனுக்கே அது தெரியாது அண்ணன். எழுந்து நிற்பான், திரும்பிப் பார்ப்பான், யாரோ ஊற்றிவிட்டுப் போனதுபோல் முகர்ந்து பார்ப்பான். பிறகு புரிந்துகொண்டு, தலையைத் தொங்கவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நிற்பான். தூண் அவனைப் பாதிதான் மறைக்கும். திருமயத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர், வயதானால் பிடிமானம் தளர்ந்துவிடும், அடிக்கடி வெளியே கூட்டிப் போங்கள், தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆத்தா அன்றைக்கே தண்ணீர்ச் சட்டியை எடுத்து ஒளித்து வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். யாரும் இல்லாதபோது என் செம்பிலிருந்து ஊற்றினேன், ஆத்தாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கடிதம் முழுவதும் நான் இப்படித்தான் வருவேன்.

போன வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்கப் பொன்னமராவதியிலிருந்து வந்தார்கள். அங்கே நம் அரிசி மில்லுக்கு அடுத்த தெரு, அலமேலு ஆச்சி வீடு. மகனுக்காக அவரும் உறவுப் பெண்கள் மூன்று பேரும் வந்தார்கள். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பவானி ஜமுக்காளம் விரித்து, வெள்ளித் தட்டில் சந்தனமும் பன்னீர்ச் செம்பும் வைத்தாயிற்று. ஆச்சி நடுவில் உட்கார்ந்தார். நான் நமஸ்கரித்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டவர், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் லேசாக எழுந்து, சேலையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆத்தா முந்திக்கொண்டாள். "பன்னீர்ச் செம்பு கவுந்துருச்சு ஆச்சி, கவனிக்கலை," என்றாள். பன்னீர்ச் செம்பு தட்டில் நிமிர்ந்து நின்றது, வாய்வரை நிறைந்து. ஆச்சி செம்பைப் பார்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். "நல்ல பன்னீரு. ரொம்ப நாளா வச்சிருக்கீங்க போல," என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நம் அப்பச்சி, முற்றத்தைப் பார்த்தபடி, "பதிமூணு வருசமா இருக்கு," என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத் தூணுக்குப் பின்னாலிருந்து துரை வந்தான். ஆச்சி உட்கார்ந்திருந்த இடத்தை முகர்ந்தான், நாலு பேர் பார்க்கத் தலையைத் தொங்கவிட்டான், வந்த வழியே திரும்பிப் போனான். காப்பி குடித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று புறப்பட்டார்கள்.

கார் தெரு திரும்பியதும் ஆத்தா பிடித்துக்கொண்டாள், இந்த நாய் இந்த வீட்டில் இருந்தால் ஒனக்குக் கல்யாணமே நடக்காது, இங்கிட்டுப் பார்த்தாலும் ஈரம், அங்கிட்டுப் பார்த்தாலும் ஈரம், நான் எத்தனை வாளி தண்ணி ஊத்துறது, என் இடுப்பு என்ன கல்லா என்று பொழுது சாய்கிறவரை. ஆத்தாவின் இடுப்பும் பொய்யல்ல. மறுநாள் காலை வண்டிக்கார மலையாண்டியிடம் துரையை ஒப்படைத்து, பொன்னமராவதி மில்லில் கட்டிப்போடச் சொன்னாள். அங்கே தவிட்டு மூட்டைக்கும் உமிக்கும் நடுவில் ஈரம் யார் கண்ணில் படும் என்று கணக்கு. துரையால் வண்டியில் ஏற முடியவில்லை. மலையாண்டி தூக்கினான். தூக்கின கையிலும் ஈரம். "இருக்கட்டும் தொரை, எம்புள்ளையும் இப்படித்தான்," என்று சொல்லிக்கொண்டே ஏற்றினான். துரை ஆத்தாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

அண்ணன், இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அன்று ஜமுக்காளத்தை விரித்தது நான். துரை அதன் நடுவில் போய்ப் படுத்ததைப் பார்த்ததும் நான்தான். அவன் எழுந்து போனபின் கையை வைத்துப் பார்த்தேன். மடித்துவிட்டு வேறு விரிக்க நேரம் இருந்தது. செய்யவில்லை. அந்த வீட்டில் ஒரு பத்திரிகைகூட வாங்குவதில்லை, வாசிக்கிற பழக்கமே கிடையாது என்று நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சந்தனம் அக்காள் சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்தச் சம்பந்தத்தின்மேல் மனம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எத்தனையோ புத்தகம் படித்தும், நான் சொல்ல வேண்டியதை ஒரு கிழட்டு நாயைச் சொல்ல வைத்தேன். சொன்னதற்குத் தண்டனையும் அவனுக்கே. மூன்று நாளாகத் தாழ்வாரம் காய்ந்து கிடக்கிறது. அதன்மேல் நடக்கக் கூசுகிறது.

ஆகையால் தாங்கள் அப்பச்சிக்கு உடனே எழுத வேண்டியது: பொன்னமராவதிச் சம்பந்தம் வேண்டாம், துரையைத் திரும்பக் கூட்டி வர வேண்டும். நீங்கள் எழுதினால் கேட்பார்கள். இதையும் நான் இன்னொருவரைச் சொல்ல வைக்கிறேன் என்பது தெரிகிறது. மன்னிக்கவும். தாங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, வருகிற சித்திரைக்கு ஊர் வந்து சேர நம் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

தங்கள் தங்கை,
ஆவுடையாள்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அலமேலு ஆச்சி இறங்கினார். பின்னாலேயே டிரைவர் கையில் துரை. ஆச்சி ஆத்தாவிடம் நேராகவே பேசினார். "தவிடு எடுக்க மில்லுக்குப் போனேன். வெயில்ல கட்டிக் கெடந்தான். எங்க மாமனாரு மூணு வருசமாப் படுக்கையில கெடக்காக. இந்த ஈரம் எனக்குத் தெரியாதா? பன்னீருன்னு சொன்னதுல வருத்தமில்லை. வீட்டுக்கு வாரவுகளுக்கு நானும் அப்படித்தான் ஏதாச்சும் சொல்லுறேன். கொண்டுபோய்க் கட்டிப்போட்டீங்க பாருங்க, அதுதான் மனசுக்கு ஒப்பலை."

ஆத்தா உள்ளே போய், ஒளித்து வைத்த சட்டியில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆச்சி என் பக்கம் குனிந்து, "அன்னைக்கு ஒக்காரும்போதே ஈரம் படாம சேலையை ஒதுக்கிக்கிட்டியே, பாத்தேன். பிடிக்கலைன்னா வாயால சொல்லு," என்றார். நான் காரைப் பார்த்தேன். பின்சீட்டில் துரைக்கு விரித்திருந்தது அத்தனையும் வாரப் பத்திரிகைகள். மாமனாருக்கு வாசித்துக் காட்ட வாங்குவதாம், வாசித்த பிறகு அவருக்கே விரிப்பதாம். இப்போது தனக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரியவில்லை, வாசிக்கத்தான் ஆளில்லை என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

ஆகவே மேலே கண்டபடி அப்பச்சிக்கு எதுவும் எழுத வேண்டாம். துரை இப்போது என் காலடியில், அலமேலு அயித்தை கொண்டுவந்த பத்திரிகைகள்மேல் தூங்குகிறான். கீழே வைத்திருந்த முதல் தாளின் ஓரம் நனைந்திருப்பதைப் பார்த்து நான் அழுததாக நினைத்துவிடாதீர்கள். அது கண்ணீரும் அல்ல, பன்னீரும் அல்ல.