மொளகா மில்லுக்காரரும் டைகரின் கண்ணும்

அரூரில் எங்கள் தெருவில் குடியிருந்தவர்களில் அழாத மனிதர் ஒரே ஒருவர்தான். எங்களையெல்லாம் அழவைத்தவரும் அவர்தான்.

மொளகா மில்லுக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். தாலுகா ஆபீசில் வேலை கிடைத்துக் கல்யாணமும் ஆன கையோடு, அவருடைய மில்லுக்கு அடுத்த வீட்டில் நான் குடியேறினேன். காலையில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் தெருவே தும்மும். பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பஜ்ஜி தின்பார்கள். ஒருமுறை தந்திச் சேவகர் கண்ணீரும் கம்பலையுமாக எதிர்வீட்டு வாசலில் போய் நிற்க, அந்த வீட்டு அம்மாள் தந்தியைப் பிரிக்காமலே மாரில் அடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். பேரன் பிறந்த தந்தி அது!

இத்தனை நெடிக்கும் நடுவில் மில்லுக்காரர் உலர்ந்த கண்ணோடு தூளை அள்ளிக்கொண்டிருப்பார். கேட்டால், "பழகிப்போச்சுங்க" என்பார்.

மில்லின் பின்கட்டில்தான் குடித்தனம். பிள்ளைகள் இல்லை. மனைவியும், அந்த அம்மாள் குட்டியிலிருந்து வளர்த்த டைகர் என்ற நாயும்தான். பெயர்தான் டைகர், பூனை வந்தால் வழிவிடும்.

அந்த அம்மாள் மஞ்சள் காமாலையில் திடீரென்று போய்விட்டார். தலைமாட்டில் மில்லுக்காரர் மரம்போல நிற்கிறார். கால்மாட்டில் டைகர். அதன் வெள்ளை முகத்தில் இரண்டு கண்ணிலிருந்தும் பழுப்புக் கோடாகத் தண்ணீர் வழிகிறது.

"கட்டுனவன் கண்ணுல ஒரு சொட்டு இல்ல. அந்த நாய்க்கு இருக்குற பாசத்தப் பாருங்கடி!" என்றாள் ஒப்பாரிக்கு நடுவே ஒருத்தி.

மில்லுக்காரர் நிமிர்ந்தார். "அது அழுவுலீங்க. மாசக்கணக்கா அப்படித்தான் ஊத்துது. கண்ணு நோவு."

இழவு வீட்டில் பேசுகிற பேச்சா? ஒப்பாரியே நின்றுபோனது. கல்நெஞ்சுக்காரர் என்று தெரு முடிவு கட்டியது.

அதன்பின் அவருக்கு ஒரே வெறி. நாய்க்கு வந்திருப்பது துக்கமல்ல, நோய் என்று நிரூபிக்க வேண்டும். விளக்கெண்ணெய் விட்டார். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தார். யாரோ சொன்னார்களென்று வெங்காயச் சாறும் விட்டார். டைகர் பஸ் ஸ்டாண்டுவரை ஓடித்தான் பிடிபட்டது. வலது கண் வெள்ளையாகப் பூத்துப்போனது. அதைப் பார்த்துப் பயந்துதான் என்னைத் துணைக்கு அழைத்தார்.

தருமபுரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு டைகரைக் கோணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனோம். அது மில்லுக் கோணி. மொரப்பூர் தாண்டுவதற்குள் பஸ் முழுக்கத் தும்மல்.

"நாயின்னுதானுங்க சொன்னீங்க? உள்ள வேற என்னத்தக் கட்டி வச்சிருக்கீங்க?" என்று அலறினார் கண்டக்டர்.

டாக்டர் டைகரின் இமையைப் புரட்டிப் பார்த்தார். முள் எதுவும் குத்தியிருக்கவில்லை. இமைமுடி உள்பக்கம் வளைந்து உரசவும் இல்லை. பிறகு அவரும் தும்மினார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"மில்லுங்க."

"என்ன மில்லு?"

"மொளகாங்க."

டாக்டர் டார்ச்சைக் கீழே வைத்தார். "அப்புறம் கண்ணுல தண்ணி வராம என்ன செய்யும்? கண்டதையும் ஊத்திப் புண்ணாக்கிட்டீங்க. வலது கண்ணு இனிமே தெரியாது. கொதிக்கவச்சு ஆறின தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைங்க. ஒரு கண்ணைத் துடைச்ச பஞ்சு அடுத்த கண்ணுல படக்கூடாது. களிம்பு தர்றேன். ஆனா தூள் பறக்குற இடத்துல வச்சிருந்தீங்கன்னா இடது கண்ணும் போயிடும்."

மில்லுக்காரர் எழுந்திருக்கவில்லை.

"மனுசங்களுக்கும் இப்படி ஊத்துமாங்க?"

"ஊத்தாம?"

"என் வூட்டுக்காரிக்கு எப்பப் பாத்தாலும் கண்ணுல தண்ணி நிக்குங்க. கொழந்தை இல்ல, என்னையக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தக் கண்டா, அதான் அழுவுறான்னு நெனச்சேன். கேட்டா என்ன சொல்லிருவாளோன்னு பயந்துக்கிட்டுக் கேக்கவே இல்லீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். தூளா, துக்கமா என்று சொல்ல இனி ஆள் இல்லை.

மறுநாள் மோட்டார் ஓடவில்லை. பிறகு ஓடியபோது கேழ்வரகும் அரிசியும் மட்டும்தான் அரைத்தார். கல்யாண வீட்டு மிளகாய் என்று கெஞ்சினாலும், "டைகருக்கு ஆவாதுங்க" என்று திருப்பி அனுப்பினார். நாய்க்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்ட பைத்தியம் என்று ஊர் சிரித்தது. வியாபாரம் வேறு மில்லுக்குப் போனது. அவர் காலையில் ஆறவைத்த வெந்நீர்ச் சொம்பும் பஞ்சுமாக வாசலில் உட்காருவார். முதலில் டைகர் கடித்தது. கடிக்கவிட்டார். போகப்போக அதுவே வந்து முகத்தை நீட்டியது. இடது கண் தெளிந்துவிட்டது.

ஒற்றைக் கண்ணோடு டைகர் சில வருஷம் இருந்தது. அது செத்த அன்று சாயங்காலம் மில்லுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான், "கை கழுவிட்டு வாங்கண்ணா, களி ஆறிப்போவுது" என்றாள்.

அன்றிலிருந்து அவருக்கு ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகி நாங்கள் சாமான் கட்டியபோது, அவர் சாப்பிடும் தட்டையும் எடுத்துச் சாக்கில் போட்டாள் என் மனைவி.

"அவர் இங்கதான இருக்கப்போறாரு, அது எதுக்கு?" என்றேன்.

"நம்மளப் பாக்க வந்தா எதுல சாப்புடுவாராம்?" என்றாள்.